நாற்பதாவது பெயர்

ஜூன் மாதம் வந்தால் எங்களுக்குப் பிள்ளை பிடிக்கிற வேலை. இது நான் வைத்த பெயர் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனுக்குக் கீழே ஆற்றங்கரைத் தெருக்களில் பொம்பளைகள் வைத்தது. குடையும் நோட்டுமாக நான் முக்கில் திரும்பும்போதே, "ஏளா, பிள்ளை பிடிக்க டீச்சர் வருதாவ, ஒளிச்சு வையி" என்று குரல் கொடுப்பார்கள். நானும் விடமாட்டேன். "ஒளிச்சு வச்சா உன்னையும் சேர்த்துப் பிடிச்சிட்டுப் போயிருவேன்" என்பேன். கான்வென்டுகளுக்கு வேன் இருந்தது, டை இருந்தது, வாசலில் அப்பா அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு என்னைப் போல நாலு ராஜாம்பாள் டீச்சர்கள்தான் இருந்தார்கள்.

ஒன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு நடக்க வேண்டுமானால் நாற்பது பிள்ளைகள் வேண்டும். குறைந்தால் பிரிவைக் கலைத்துவிட்டு, அதன் டீச்சரை உபரி என்று எழுதி எங்காவது தூக்கி அடிப்பார்கள். 1983 ஜூனில் அந்த டீச்சர் நான். களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் எனக்காகக் காத்திருப்பதாகப் பேச்சு. வீட்டில் மாமனார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு ஓடி, மத்தியானம் வந்து துணி மாற்றிவிட்டு மறுபடி ஓடுகிற பிழைப்பு என்னுடையது. களக்காடு போனால் அது நடக்காது. என் வீட்டுக்காரர் தபால் ஆபீசில் முத்திரை குத்துவார், வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தி வைக்க மாட்டார். மாதக் கடைசி வந்துவிட்டது. என் சேர்க்கை ரிஜிஸ்தரில் முப்பத்தொன்பது பெயர்.

"என்ன டீச்சர், நாப்பது ஆயிட்டா?" என்று தலைமையாசிரியர் தேவசிகாமணி சார் காலையிலும் கேட்டார், மத்தியானமும் கேட்டார்.

"ஆயிரும் சார்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பாலம்மாள் வீட்டு வாசலில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. பாலம்மாள் பீடி சுற்றுகிறவள். அவள் புருஷன் பிச்சைக்கண்ணு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். தாய் வெட்டிப் போடுகிற இலைத் துண்டுகளைப் பிள்ளை பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரம் அது பிள்ளையாகத் தெரியவில்லை. நாற்பது என்ற எண்ணாகத்தான் தெரிந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"இவளைச் சேர்த்துவிடு" என்றேன்.

"மூணு வயசுதான் ஆவுது டீச்சர். போன தையிலதான் மூணு முடிஞ்சுது."

"வலது கையைத் தலைக்கு மேல கொண்டு போயி இடது காதைத் தொடச் சொல்லு."

பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று அந்தத் தெருவில் யாரிடமும் கிடையாது. எல்லாம் வீட்டுப் பிரசவம். கை தலையைச் சுற்றி வந்து காதைத் தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருஷம். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம். அந்தப் பிள்ளையின் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. நான் குனிந்து அதன் தலையைப் பைய வலது பக்கமாகச் சாய்த்து, கையையும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். சின்ன விரல் நுனி காதில் பட்டது. பிள்ளை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

"பாத்தியா, தொட்டுட்டா" என்றேன்.

பாலம்மாள் இன்னும் யோசித்தாள். "வெளிக்கிப் போகக்கூட இன்னும் சொல்லத் தெரியாது டீச்சர்."

"நான் பாத்துக்கிடுதேன். பாலவாடி அங்கன ரோட்டைத் தாண்டி இருக்கு, நீயா கொண்டுபோய் விடப் போற? இங்கன வந்தா மத்தியானச் சோறு கிடைக்கும்லா?"

சோறு என்றதும் பாலம்மாள் எழுந்து பிள்ளையின் மூஞ்சியைத் துடைத்தாள். பேர் என்ன என்று கேட்டால், "குட்டின்னுதான் கூப்பிடுதோம்" என்றாள். நடந்து வரும்போதே யோசித்து, சித்ரலேகா என்று நான் வைத்தேன். பிறந்த தேதி 1.6.1978 என்று எழுதினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். நாங்கள் பார்த்த பிரசவம் அது. தேவசிகாமணி சார் 'மொத்தம் 40' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டுக் கையெழுத்திட்டார். மாமனாருக்கு அன்றைக்கு நிம்மதியாகத் துணி மாற்றினேன்.

சித்ரலேகா முதல் வருஷம் முழுக்கத் தூங்கினாள். சோற்று மணி அடித்தால் மட்டும் விழிப்பாள். தட்டு அவளைவிடப் பெரிதாக இருக்கும். வரிசையில் பெரிய பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள் என்று நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பேன். ஒன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்கார வைத்தேன். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவாள். "வாயை மூடுட்டி, மத்தவங்களும் யோசிக்கட்டும்" என்று தினம் ஒரு அதட்டு போடுவேன். எனக்குப் பிள்ளை கிடையாது. அதை இங்கே சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் சொல்லாமல் இது புரியாது.

டீச்சர்களுக்குள் பேச்சு வரும்போதெல்லாம், "வயித்துப் பாட்டுக்காகச் சேர்த்துவிட்ட பிள்ளை, பாத்தீங்களா எப்படிப் படிக்குதா" என்று சொல்லிக்கொள்வேன். சொல்லிச் சொல்லி அதுவே எனக்கும் உண்மையாகிவிட்டது. அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஐந்தாவது முடித்துப் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகும், சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் என் வகுப்பில் எட்டிப் பார்த்து, சாக்பீஸ் தூள் படிந்த மேஜையைத் துடைத்து வைத்துவிட்டுப் போவாள்.

92 நவம்பரில் ஆறு தெருவுக்குள் வந்தது. விடிந்து பார்த்தால் பள்ளிக்கூடத்து முற்றத்தில் முழங்கால் தண்ணீர். தெரு முழுவதும் எங்கள் மாடிக்கு ஏறியது. நான் முதலில் தூக்கியது சேர்க்கை ரிஜிஸ்தர்களை. முந்தானையில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு படியேறினேன். பின்னாலேயே சித்ரலேகா, கைப்பிள்ளையான தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். அவர்கள் வீடு இருந்த இடத்தில் மறுநாள் கல் கூட இல்லை. அந்த வருஷம் ஒன்பதாவது அவளுக்குப் போய்விட்டது. மறுபடி அதே வகுப்பில் உட்கார்ந்தாள். ஆவணங்களைக் காப்பாற்றிய டீச்சர் என்று எனக்கு ஆண்டு விழாவில் ஒரு சால்வை போட்டார்கள். அன்றைக்கு அந்த ரிஜிஸ்தரை ஆற்றோடு விட்டிருக்கலாம்.

பத்தாம் வகுப்பில் நானூற்று முப்பத்தேழு. மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு பெற்றவர்களுக்குக் காட்டுமுன் என்னிடம்தான் ஓடி வந்தாள்.

"ப்ளஸ் டூ முடிச்சிட்டு டீச்சர் ட்ரெயினிங் போவேன். உங்க நாற்காலியில வந்து உட்காருவேன்" என்றாள்.

"நான் ரிட்டயர் ஆகிற வரைக்குமாவது விட்டு வைட்டி" என்றேன். அதற்கு என்ன சிரிப்பு அவளுக்கு.

96 ஆனியில் பிச்சைக்கண்ணு மூட்டையோடு மார்க்கெட்டில் சரிந்து விழுந்து செத்துப்போனான். சித்ரலேகா அப்போது பன்னிரண்டாவது சேர்ந்து இரண்டு வாரம். காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்தார்கள். வருஷம் திரும்புமுன் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷம் ஆகும் என்று பேசினார்கள். மாப்பிள்ளையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பாலம்மாளின் தம்பி தாணுமாலையன் இருந்தான். முப்பத்தொரு வயது, பம்பாயில் இட்லிக் கடை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் யூனிபார்மோடு என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டால்கூட வரவில்லை.

"புதன்கிழமை கல்யாணம் டீச்சர். எனக்குப் பதினாறுதான் முடிஞ்சிருக்கு. அது உங்களுக்கும் அம்மைக்கும் மட்டுந்தான் தெரியும். அம்மை சொல்ல மாட்டா. நீங்க வந்து சொல்லுங்க, நிறுத்திருவாங்க. எனக்கு இந்த ஒரு வருஷம் மட்டும் போதும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் தள்ளிவிட்டு நேரே பாலம்மாளிடம் போனேன். தெரு கேட்கக் கத்தினேன். பதினாறு வயசுப் பிள்ளையைப் பாழுங்கிணற்றில் தள்ளுகிறாயே, உனக்குக் கண் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். பாலம்மாள் பீடித் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவ அப்பா இருந்தா நான் ஏன் டீச்சர் இதைச் செய்யப் போறேன்? ரெண்டு பொட்டப் பிள்ளையை வச்சுக்கிட்டு நான் எத்தனை நாளைக்கு? தம்பி கேட்டுட்டான். இல்லைன்னு சொன்னா இந்த வாசலை இனி எவன் மிதிப்பான்? பதினெட்டு முடிஞ்சிட்டுன்னு சர்ட்டிபிகேட்டைக் காட்டுதான். அது நீங்க போட்டதுதான?"

கடைசியில் சொன்னதை அவள் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் குடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

திங்கட்கிழமை சித்ரலேகாவைக் கூட்டிக்கொண்டு மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பாலம்மாளையும் தாணுமாலையனையும் வரச் சொல்லி அங்கிருந்து ஆள் அனுப்பினார்கள். அவன் வெள்ளை வேட்டியில் வந்து, எனக்குக் கும்பிடு போட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழை மேஜையில் வைத்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காகிதத்தில் இருப்பதை நம்புகிறவன்.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இதுல ஒண்ணு ஆறு எழுபத்தெட்டு. போன ஜூன்லயே பதினெட்டு முடிஞ்சிட்டு."

"அது தப்பு. இவ எம்பது தையில பொறந்தவ."

"யாரு சொல்லுதா?"

"நான் சொல்லுதேன். எழுதினது நான்தான்."

அவர் நிமிர்ந்து பாலம்மாளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

"சர்ட்டிபிகேட்டுல உள்ளதுதான்" என்றாள் பாலம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "டீச்சர், வயசு தெரிஞ்சே கூட்டி எழுதினேன்னு கைப்பட எழுதிக் குடுங்க. டாக்டர்ட்ட அனுப்பி வயசு பார்க்கச் சொல்லுதேன், அதுவரைக்கும் கல்யாணத்தை நிறுத்தி வைக்கேன். ஆனா ஒண்ணு. இந்தத் தாள் உங்க ஆபீசுக்கும் போகும். அவங்க என்ன செய்வாங்கன்னு நான் சொல்ல முடியாது. யோசிச்சு எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் ஒன்பது மாதம் இருந்தது. சர்க்கார் ரிஜிஸ்தரில் தெரிந்தே பொய் எழுதியவள். சஸ்பெண்டு, விசாரணை, பென்ஷன் போய்விடும், ஊர் சிரிக்கும், சால்வை போட்டவர்கள் எல்லாம் பேசுவார்கள். இத்தனையும் ஒரு நிமிஷத்தில் என் தலைக்குள் ஓடியது. பக்கத்தில் நின்ற பிள்ளை அந்த ஓட்டத்தில் எங்குமே வரவில்லை.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு வந்து எழுதித் தாரேன்" என்றேன்.

இருபத்தெட்டு வருஷத்தில் வீட்டுக்காரரைக் கேட்டு நான் ஒரு முருங்கைக்காய் வாங்கியது கிடையாது. அது சித்ரலேகாவுக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை என் கையிலிருந்து வாங்கி, மூடியைப் போட்டு, இன்ஸ்பெக்டர் பக்கம் வைத்தாள்.

"விடுங்க டீச்சர். உங்களுக்கு வேலை போயிரும். சோறு போட்டவங்களுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன்."

நான் தடுக்கவில்லை. அப்பாடா என்றுகூட இருந்தது. அந்த அப்பாடாவை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. புதன்கிழமை லீவும் போடவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு 'அம்மா, ஆடு' சொல்லிக் கொடுத்தேன். ஆற்றங்கரைக் கோயிலிலிருந்து மேளச் சத்தம் வந்தபோது ஒரு பிள்ளையைப் பிரம்பால் அடித்தேன். எதற்கென்று நினைவில்லை. அது அழக்கூட இல்லை, என்னைப் பார்த்துப் பயந்து நின்றது.

அடுத்த ஜூன்தான் என் கடைசிச் சேர்க்கை. இப்போதெல்லாம் தெருத்தெருவாக அலைந்தாலும் பிள்ளை கிடைப்பதில்லை. வேன் ஆற்றங்கரை வரை வந்துவிட்டது. நான் கட்டிக் காத்த 'ஆ' பிரிவைக் கலைத்து ஏழு வருஷமாகிவிட்டது. அப்போது என்னை யாரும் எங்கும் மாற்றவில்லை. 'அ' பிரிவில் போட்டார்கள், அவ்வளவுதான். ரிஜிஸ்தரில் பத்துப் பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில் சித்ரலேகா வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளைகாப்பு வளையல். நிறைமாத வயிறு. தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கழுத்து எலும்பு தெரிந்தது. கூடவே தங்கச்சி.

"உட்காருட்டி" என்று நாற்காலியைக் காட்டினேன். அது என் நாற்காலி என்பது அவள் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்கும்.

"ஆஸ்பத்திரியில வயசு கேட்டாங்க டீச்சர். பத்தொம்பதுன்னு எழுதிக்கிட்டாங்க" என்றாள். பிறகு, "என் பேரு எழுதின பக்கம் இருக்கா? ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

பீரோவிலிருந்து 83 ரிஜிஸ்தரை எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். கடைசி வரியில் நின்றாள். அதன் கீழே சிவப்பு மையில் மொத்தம் 40, அடிக்கோடு, கையெழுத்து.

"நான்தான் கடைசியா?"

வேறு ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். முடியவில்லை. "சோத்துக்காக இல்லட்டி" என்றேன். "எனக்கு ஒரு பிள்ளை குறைஞ்சுது. நாப்பது ஆகலைன்னா என்னைக் களக்காட்டுக்கு மாத்தியிருப்பாங்க. அதுக்குத்தான் உன் தலையைச் சாய்ச்சுக் காதைத் தொட வச்சேன். சோறுன்னது உங்க அம்மையைச் சம்மதிக்க வைக்க." ஐம்பத்தேழு வயதுக்காரி பிள்ளைகள் முன்னால் மூக்கைச் சிந்தினேன்.

சித்ரலேகா விரலை எடுக்காமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா சோறு நெசமாத்தான சாப்பிட்டேன் டீச்சர்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

ரிஜிஸ்தரை மூடித் தள்ளி வைத்துவிட்டு, தங்கச்சியை முன்னால் இழுத்தாள். "ஏட்டி, காதைத் தொடு." சின்னவளின் கை தலையைச் சுற்றி வந்து காதைத் தாண்டிக் கழுத்துவரை இறங்கியது.

"பங்குனியில ஆறு முடிஞ்சுது. இவளுக்கு ஒரு வயசு குறைச்சுப் போடுங்க டீச்சர்."

"தப்புட்டி அது."

"காகிதத்துல பதினெட்டு ஆகும்போது இவளுக்குப் பத்தொம்பது தாண்டியிருக்கும். அதுக்குள்ள ஏதாவது படிச்சிருவால்லா. பேரு நானே வச்சிட்டேன். மதுமதின்னு போடுங்க."

இந்த வருஷத்து ரிஜிஸ்தரைத் திறந்தேன். பதினோராவது வரியில் மதுமதி என்று எழுதினேன். பிறந்த தேதிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. போன ஆவணியில் இந்தக் கை எங்கே போயிருந்தது என்று நினைத்துக்கொண்டே 1.6.1992 என்று போட்டேன். சித்ரலேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, மை காய்வதற்காக அந்தக் கட்டத்தின் மேல் வாயால் ஊதினாள்.